அத்தானின் பூட்ஸும் புல் முளைத்த புற்றும்

மண்ணைத் தின்றுவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை, பயம்தான்.

எங்கள் சங்கரன்கோவிலில் தலைவலி முதல் தலைபோகிற காரியம் வரை கோவில் புற்றுமண்தான் முதல் வைத்தியம். அம்மா அதை ஒரு பழைய பவுடர் டப்பாவில் அடைத்து, "கோமதி கையில குடு. நெத்தியில பூசிட்டு ஒரு நுள்ளு வாயில போடச் சொல்லு" என்று தந்திருந்தாள். மதுரை விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர் யாரிடமோ போனில், "மண்ணெல்லாம் அங்க உள்ள விடமாட்டான், பிடிச்சு வச்சிருவான்" என்றார். அவ்வளவுதான். ஓரமாகப் போய் நெற்றியில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம், வாயில் ஒரு கை. மிச்சத்தை அங்கிருந்த பூந்தொட்டியில் கொட்டிவிட்டு, தொட்டியையும் ஒரு கும்பிடு போட்டேன். சோதனை செய்த பெண் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார், ஃப்ளைட்டு பத்திரமா போயிரும்" என்றாள்.

ஐம்பதைத் தாண்டியவன் நான். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன காயிலைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன், இது எதனால் கருகியது என்று. ஆனால் பக்கத்து ராயகிரியைத் தாண்டி ஒரு ராத்திரி தங்குவதென்றாலே ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றால் வேறு ஆள் இல்லை என்று அர்த்தம்.

காரியம் இதுதான். என் அக்கா கோமதியின் வீட்டுக்காரர், எங்கள் சங்கரலிங்கம் அத்தான், ஐப்பசியில் இறந்துபோனார். நெஞ்சுவலி. கல்யாணமான கையோடு இருவரும் அங்கே போனவர்கள். அவர் பஸ் ஓட்டினார், அக்கா முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. அவர் இறுதிச் சடங்கை நாங்கள் செல்போனில் பார்த்தோம். சிக்னல் போனபோது சவப்பெட்டியை மூடினார்கள். சிக்னல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அம்மா மாடி அறைக்கு வெள்ளை அடித்து, புது ஃபேன் மாட்டிவிட்டாள். "அங்கன அவளுக்கு யாரு இருக்கா? கூட்டிட்டு வா. இல்லன்னா நீயும் வராத" என்றாள். அத்தனை வருஷத்தில் அம்மா அக்கா இருக்கும் ஊரின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அது எப்போதும் 'அங்கன'தான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், மேட்டுநிலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். கல் வீடுகள், கல் மதில்கள், வானமும் கல் நிறம். பஸ் நிலையத்தில் அக்கா நின்றாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். "என்னலே மாரி, கழுத்தெல்லாம் மண்ணு?" என்றாள்.

டப்பா கதையைச் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் முகம் வேறு மாதிரி ஆனது. கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது.

வீட்டுக்குள் நுழைகிற கதவோரம் அத்தானின் பூட்ஸ் இருந்தது. கணுக்காலுக்கு மேல் வரும் பழுப்புத் தோல். மடிப்புகளில் கறுப்பு மண் காய்ந்துகிடந்தது. யாரும் நகர்த்தவில்லை போல. அதைச் சுற்றிப் பெருக்கிய தடம் மட்டும் தெரிந்தது.

மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் மழை, கூடவே காற்று. அக்கா வேலைக்குப் போய் வந்தாள். நான் ஊரைச் சுற்றினேன். பேஸ்டி என்று ஒன்று விற்கிறார்கள்: உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடிய பெரிய சோமாசு. தின்றால் சாயங்காலம் வரை தாங்கும். உப்பு, மிளகு தவிர வேறு சங்கதி அதில் இல்லை. எங்கள் ஊர் பிரியாணிக் கடைக்காரர் யாராவது பார்த்தால் கண்ணீர் விடுவார். ரொட்டிக் கடையில் ஒரு கிழவர், நான் நடுங்குவதைப் பார்த்து, "இன்றைக்கு நல்ல வெயில் இல்லையா?" என்று கேட்டார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறார்.

சொல்லவேண்டிய வாக்கியத்தைக் குளியலறையில் சொல்லிப் பழகினேன். "எக்கா, அம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா." அவ்வளவுதான். ஆனால் அக்கா சோற்றில் சொதியை ஊற்றியபடி நிமிர்ந்து பார்த்ததும் வாய் தானாக வேறு பாதையில் போய், பக்கத்துக் கடைக்காரன் கண்ணாடி போடாமல் மோட்டாரைத் தலைகீழாக மாட்டிய கதையைச் சொன்னது. மறுநாள் வேறு கதை. என்னிடம் கதைகள் தீர்ந்துகொண்டே வந்தன.

சனிக்கிழமை அக்காவே சொன்னாள். "நாளைக்கு மேல போவோமாலே? அந்த மேட்டுல, காமனுக்கு. அவரு போனபொறவு நான் போகல."

"போவோம்."

"உன் செருப்புக்கு ஆகாது. அவரு பூட்ஸப் போட்டுக்க."

இறந்தவர் செருப்பில் காலை விடுவதா? எங்கள் வீடுகளில் அதைத் தொடக்கூட யோசிப்போம். வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அக்கா அதற்குள் குனிந்து, காய்ந்த மண்ணைத் தட்டாமல், பூட்ஸை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். காலை விட்டேன். பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டதும் பொருந்தியது. உள்ளே வேறொருவர் விரல்களின் பள்ளம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறினபோது டிரைவர் அக்காவைப் பார்த்து இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். அவள் தலையசைத்ததும் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். பாதி மேட்டில் ஆடுகள் நடுரோட்டில் படுத்து அசைபோட்டன. அவர் ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை உறுமவிட்டுக் காத்திருந்தார். ஆடுகளின் பின்பக்கத்தில் நீலச் சாயம், சிலவற்றில் சிவப்பு. எங்கள் பக்கம் கிடை ஆட்டுக்குக் குறி போடுவது மாதிரிதான். கடைசி ஆடு எழுந்து போன விதத்தைப் பார்த்தால் பஸ்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது. நிறுத்தமே இல்லாத இடத்தில் டிரைவர் எங்களை இறக்கிவிட்டார்.

காமன் என்றால் பொது. யாரும் வேலி போடாத மேட்டுநிலம். சுற்றியுள்ள பண்ணைக்காரர்களுக்கு ஆடு, மாடு, மட்டக்குதிரைகளை அதில் மேயவிடும் பழைய உரிமை உண்டு. நாம் மேய்ச்சல் புறம்போக்கு என்போமே, அதுதான். ஒரே வித்தியாசம், இதில் இன்னும் வீடு முளைக்கவில்லை. நுழைகிற இடத்தில் சாலைக்குக் குறுக்கே குழி வெட்டி, மேலே இடைவெளி விட்டு இரும்புக் குழாய்களைப் போட்டிருந்தார்கள். ஆடு மாடு தாண்டாது, வண்டி தாண்டும். நல்ல யோசனை என்று ரசித்துக்கொண்டே அதன் மேல் நடந்தேன். இடுக்கில் முழங்கால் வரை போய்விட்டேன். பக்கத்திலேயே மனிதர்களுக்கென்று சின்ன மரக்கதவு இருந்தது.

"மாடே தாண்டாதுல்லாலே" என்றாள் அக்கா, காலை உருவி எடுத்தபடி.

பிறகு நடந்தோம். குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் கோடையில் நின்றால் கண்ணுக்கு எட்டினமட்டும் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இங்கேயும் அதே ஒன்றுமில்லாமை, ஆனால் ஈரமாக. மண்ணும் அதே கறுப்புதான். மிதித்தால் வெடிப்புக்குப் பதிலாகத் தண்ணீர் கசிந்தது. போன வருஷத்துப் பெரணிச்செடி துருப்பிடித்த தகரம் மாதிரி சாய்ந்துகிடக்க, நடுவே புதுக்குருத்துகள் பிறந்த பிள்ளையின் மூடிய கை போலச் சுருண்டு எழுந்தன. தாழ்வான இடங்களில் வெடித்த பருத்தி மாதிரி வெள்ளைப் பஞ்சோடு ஒரு புல். இளையரசனேந்தல் பருத்திக்காட்டில் யாரோ தண்ணீரை அளவில்லாமல் திறந்துவிட்டுப் போய்விட்டது போல இருந்தது.

"பச்சையா, அழகா இருக்கிற இடத்துல கால வைக்காத" என்றாள் அக்கா. "உள்ள இழுத்துரும்." அந்தச் சதுப்பின் ஓரம் குனிந்து காட்டினாள். நகத்தளவு சிவப்புச் செடி, ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பனித்துளி. துளி இல்லை, பசை. ஒரு கொசு ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது. செடி அதை மெதுவாக மூடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கொசு மேல் சொந்தக்காரன் மாதிரி பாசம் வந்தது.

தலைக்கு மேலே எங்கோ ஒரு வானம்பாடி, தையல் மிஷின் ஓடுவது போல மூச்சே விடாமல் பாடியது. அண்ணாந்து தேடினேன், பாட்டு மட்டும் இருந்தது, பறவை இல்லை. தூரத்தில் இவர்கள் ஊர்க் குயில். நம் குயில் மாதிரி ஏறி ஏறிக் கூவத் தெரியாது. இரண்டே சுரம், திரும்பத் திரும்ப. குட்டிகளோடு மட்டக்குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. அக்கா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். ஊரில் சைக்கிள் ஓட்டப் பயந்தவள். இப்படி நடப்பவளை எனக்குத் தெரியாது.

ஒரு கம்பத்தில் பலகை இருந்தது. அதில் பாம்புப் படம்.

"எக்கா, இங்கன பாம்பு உண்டா?"

"உண்டு. ஒரே ஒரு சாதிதான் விஷம். விரியன்ல சேர்த்தி. அது பாட்டுக்குப் போயிரும். பூட்ஸு போட்டுருக்கல்லா, பிறகென்ன?"

அதற்குப் பிறகு நான் பறவை எதையும் பார்க்கவில்லை. என் இரண்டு காலையும் மட்டுமே பார்த்து நடந்தேன்.

அப்படிக் குனிந்தே போனதால்தான் அந்த இடத்துக்கு வந்தது தெரியவில்லை. நிமிர்ந்தபோது சரிவு முழுக்கப் புற்றுகள். இடுப்பளவு இல்லை, முழங்கால் உயரம். மேலே புல்லும் ஊதாப் பூவும் முளைத்த உருண்டைகள். அவற்றில் ஒன்று மட்டும் பெரியது. பக்கத்தில் மஞ்சள் பூத்த முட்புதர்.

நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவில்லை. சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்குப் புற்றைக் கண்டால் கை தானாகச் செருப்பைக் கழற்றப் போய்விடும். உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றி ஓரமாகச் சோடியாக வைத்து, உறையையும் உருவி அதற்குள் செருகி, வெறுங்காலோடு முன்னால் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டேன். 'தாயே, அக்காகிட்ட அந்த வார்த்தையச் சொல்ல வச்சிரு' என்று வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தேன். புற்றின் வெயில் பக்கம், என் பாதத்திலிருந்து ஒரு முழ தூரத்தில், அது சுருண்டு கிடந்தது. சாம்பல் உடம்பு, முதுகு நெடுக ஒடிந்து ஒடிந்து போகும் கறுப்புக் கோடு. கண் செம்பு நிறம். என்னைத்தான் பார்த்தது.

விஷப்பாம்பு உள்ள காட்டில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அதன் வீட்டு வாசலில் வெறுங்காலோடு போய் நிற்கிற ஆள் உலகத்திலேயே எங்கள் ஊரில்தான் கிடைப்பான். மனசுக்குள் வேண்டுதல் மட்டும் ஓடியது. கோவிலில் வெள்ளி உரு எடுத்து வைக்கிறேன். சின்ன நாகர். இல்லை, பெரிய நாகர். ஐந்து தலை. தேள் உருவும் சேர்த்து வைக்கிறேன், அது இங்கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாம்பு கேட்டுக்கொண்டிருந்ததோ என்னவோ, ஏலம் போதும் என்பது போல மெல்ல அவிழ்ந்து, புல்லுக்குள் தண்ணீர் மாதிரி வழிந்து போய்விட்டது.

அது போனபிறகுதான் எனக்கு வீரம் வந்தது. பின்னால் ஒரே குதி. முட்புதருக்குள் இரண்டு காலும் இறங்கின. நான் போட்ட சத்தத்தில் வானம்பாடி நின்றுவிட்டது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். "சிரிக்காத எக்கா, செத்துப் பிழைச்சிருக்கேன்" என்றேன். கையை எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அவரும் இங்கனதாம்லே கழட்டுவாரு" என்றாள்.

அப்போது கீழிருந்து நான்கு சக்கர பைக் ஒன்று புல்மேட்டில் ஏறி வந்தது. பின்னால் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. ஓட்டி வந்தது அறுபது வயதுப் பெண், சேறு படிந்த கோட்டு. புற்றுக்குச் சற்றுத் தள்ளியே என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நடந்து வந்தாள். அவள் பார்த்தது எங்களை இல்லை. ஓரமாகச் சோடியாக நின்ற பூட்ஸை.

அவள் பெயர் மார்கரெட். நீலச்சாய ஆடுகள் அவளுடையவை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"கீழ இருந்து பூட்ஸப் பாத்தாளாம். ஒரு நிமிசம் அவருதான் வந்துட்டாருன்னு நினைச்சுட்டாளாம்."

மார்கரெட் என் முள் ஏறிய காலைப் பார்த்தாள். சிரிக்காமல் ஏதோ கேட்டாள். நான் தம்பி என்று அக்கா சொல்லியிருக்கவேண்டும். "ஓ, அப்போ இது குடும்ப வழக்கமா" என்பது அவள் பதில்.

அத்தான் ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் புற்றின் முன் பூட்ஸைக் கழற்றி நிற்பாராம். பனி விழுந்தாலும்தான். பைத்தியமோ என்று முதலில் நினைத்தாளாம். ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டாள். 'எங்கள் ஊரில் இது கோவில், உங்கள் ஊரில் இது எறும்பு வீடு; இரண்டு பேரையும் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காக' என்றாராம். அவர் போனபிறகு இந்த வழியாக வரும்போதெல்லாம் மார்கரெட் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைச் சரிவில் உருளவிட்டுக் கடக்கிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. மரியாதை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறதாம்.

நான் ஏதாவது பேசவேண்டுமே என்று, வேலி இல்லாமல் ஆடுகள் எப்படி ஓடிப்போகாமல் இருக்கின்றன என்று கேட்டேன். ஓடிப்போகாதாம். தாய் ஆட்டோடு குட்டி மேயும்போதே தன் இடம் எதுவரை என்று அதற்குப் பழகிவிடும். அந்த ஓடையைத் தாண்டாது. பண்ணையை விற்றால் மந்தையை நிலத்தோடு விட்டுவிட்டுத்தான் போவார்கள். வேறு மேட்டுக்குக் கொண்டுபோனால் திரும்பி நடந்து வந்துவிடும். அக்கா இதை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். நான் கோமாளிதான். ஆனால் ஆட்டை வைத்து எனக்கு ஒன்று சொல்லப்படும்போது புரியாத அளவுக்கு மடையன் இல்லை.

மார்கரெட் போனாள். சரிவில் சத்தமில்லாமல் உருண்டுபோய், கீழே எங்கோ என்ஜின் பிடித்தது.

புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். காற்றில் பாதி பறந்தது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். பழகிய வாக்கியம் வரவில்லை.

"எக்கா, வாறியா?"

அவள் புளியோதரையிலிருந்து வேர்க்கடலையைப் பொறுக்கி என் பக்கம் வைத்தாள், சின்ன வயசில் வைப்பது போல.

"மாடியில ஃபேன் மாட்டிருக்காளாம்லா அம்மா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவளேதான், போன்ல. கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கன்னு எனக்குத் தெரியாதாலே? நாலு நாளா மோட்டார் கதை சொல்லுத."

நான் தலை குனிந்து முள்ளைப் பிடுங்குவது போல நடித்தேன்.

"அங்கன வந்தா எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுவீங்க. ஆனா அங்கன யாருக்குலே அவரத் தெரியும்? கல்யாண போட்டோவுல பாத்த மாப்பிள்ளை, அவ்வளவுதான். எப்படி நடப்பாரு, எதுக்குச் சிரிப்பாருன்னு இங்கன உள்ளவங்களுக்குத்தான் தெரியும். பஸ்ஸுல அந்த டிரைவரு எந்திச்சாரு, பாத்தல்லா? இந்தப் பொம்பள வண்டிய அணைச்சிட்டுப் போறா. நான் எடுத்துட்டு வந்துர முடியாது மாரி இதையெல்லாம்."

"அம்மாட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"பாத்தத சொல்லு."

புற்றின் ஒரு ஓரத்தை முயல் ஏதோ பறண்டியிருந்தது. அங்கே உதிர்ந்துகிடந்த மண்ணில் அக்கா ஒரு நுள்ளு எடுத்துத் தன் நெற்றியில் பூசினாள். பிறகு என் நெற்றியில். "அம்மா குடுத்துவிட்டதத்தான் நீயே தின்னுட்டியே" என்றாள். இதை நான் தின்னவில்லை.

திரும்பும்போது மூடுபனி வந்தது. வந்தது என்றால், மேட்டின் உச்சிப்பாறை இருந்தது, பிறகு இல்லை. குதிரைகள் இருந்தன, பிறகு இல்லை. என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தபோது பழைய பயம் முழு வேகத்தில் திரும்பிவிட்டது. அக்காவின் கோட்டுப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். சதுப்பு, விரியன், பேய், விசா, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயந்தேன். அவள் ஆட்டுத்தடம் ஒன்றைப் பார்த்துக் குனிந்தபடி, அவசரமே இல்லாமல் நடந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் இடது பக்கம் திரும்பினாள். எங்கோ மேலே நீள அலகுப் பறவை ஒன்று, கொதிக்கிற பானையின் மூடி மாதிரி விசிலடித்துக்கொண்டே கடந்தது. இரும்புக் குழாய்கள் காலில் தட்டுப்பட்டன. இந்த முறை மரக்கதவு வழியாகப் போனேன்.

ஊருக்கு நான் தனியாகத்தான் வந்தேன். வாசலில் நின்ற அம்மா எனக்குப் பின்னால் பார்த்தாள். ஆட்டோ கிளம்பிப் போனபிறகும் பார்த்தாள். அதற்கு அப்புறம் என்னோடு பேசவில்லை. கத்திரி வெயிலில் முற்றம் கொதித்தது. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

மறுநாள் நான் நொண்டுவதைக் கண்டுவிட்டாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, என் குதிகாலை மடியில் தூக்கி வைத்து, கண்ணாடியை மாட்டி, சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். அவள் குத்திக் கிளற, நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்ஸை, புற்றை, பாம்பை, அணைக்கிற வண்டியை, எழுந்து நின்ற டிரைவரை. வேடிக்கை காட்டாமல் சொன்னேன். பாம்பு இடத்தில்கூட அவள் சிரிக்கவில்லை. டிரைவர் இடத்தில் ஊக்கு கொஞ்சம் நின்றது.

கடைசியில் முள் வந்தது. கறுப்பாக, எள்ளளவு. அதை விரல் நுனியில் ஏந்தி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதான் அவ ஊரு முள்ளா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.